டெல்டா பன்னீர் ரோஜா எந்த வம்சம்? மரபணுச் சோதனை பற்றி

அரசலாறு:
கும்பகோணம், திருவையாறு, மயிலாடுதுறைப் பக்கம் பழைய வீட்டுக் கொல்லைகளிலும் நந்தவனங்களிலும் ஒரே சாயலில் ஓர் இளஞ்சிவப்பு ரோஜா இருக்கிறது. சின்னப் பூ, இதழ் நெருக்கம், மணம் தூக்கல், வருஷம் பூரா பூக்கும். வீட்டுக்காரர்கள் 'பன்னீர் ரோஜா' என்பார்கள். நர்சரியில் 'எட்வர்ட்' என்கிறார்கள். படித்தவர்கள் 'டமாஸ்க்' (அத்தர் எடுக்கும் ரோஜா) என்கிறார்கள். மூன்றும் ஒன்றா? டி.என்.ஏ. பார்த்தால் பூர்வீகம் தெரியுமா? இருபது செடி வரை இலை சேகரிக்க முடியும். எதிலிருந்து ஆரம்பிப்பது, முடிவை எவ்வளவு நம்பலாம்?

மூலக்கூறு_திருச்சி:
'பூர்வீகம் என்ன' என்று ஆய்வகத்தில் கேட்டால் உருப்படியான பதில் வராது. அதற்குள் நாலு கேள்வி இருக்கிறது, நாலுக்கும் சோதனை வேறு.

முதலாவது, கும்பகோணத்துச் செடியும் மயிலாடுதுறைச் செடியும் ஒரே தாய்ச்செடியின் போத்தா? இதற்கு எஸ்.எஸ்.ஆர். மார்க்கர் (டி.என்.ஏ.வில் ஒரே சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடம்; அதன் நீளம் செடிக்குச் செடி மாறும்) பத்துப் பன்னிரண்டு போதும். நாலில் இதுதான் மலிவு, பதிலும் உறுதியாக வரும். இரண்டாவது, தாய்வழி எது? ரோஜாவில் பசுங்கணிகத்தின் (இலைப் பச்சை இருக்கும் செல் உறுப்பு) டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருவதால் அதன் ஒரு பகுதியை வரிசைப்படுத்தினால் (எழுத்து எழுத்தாகப் படித்தால்) தெரிந்துவிடும். மூன்றாவது, குரோமோசோம் எத்தனை தொகுதி? இது நுண்ணோக்கியிலேயே எண்ணக்கூடியது. நாலாவதுதான் எந்தெந்த இனம் கலந்திருக்கிறது என்பது. ஒப்பிட மாதிரிகள் கையில் இல்லாமல் இதில் இறங்கினால் பணம்தான் போகும்.

டமாஸ்க் ரோஜாவின் பூர்வீகமே இப்படிப் படிப்படியாகத்தான் தெரிந்தது. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பழைய டமாஸ்க் வகைகள் நாலை எடுத்துப் பார்த்தார்கள். ஐ.டி.எஸ். பகுதியில் (உட்கரு டி.என்.ஏ.வில் இனத்துக்கு இனம் மாறும் ஒரு துண்டு) ரோசா மொஸ்காட்டா, ரோசா காலிகா, ரோசா ஃபெட்சென்கோவானா மூன்றின் தடயமும் இருந்தது. பசுங்கணிகம் மொஸ்காட்டாவுடையது. ஆக மொஸ்காட்டா தாய், காலிகா தந்தை, அந்தக் கலப்பின் மேல் ஃபெட்சென்கோவானா மகரந்தம். மத்திய ஆசியாவின் அந்த மூன்றாவது இனத்தைத் தோற்றத்தை மட்டும் வைத்து யாரும் அதுவரை ஊகித்ததில்லை.

படுகைத்தோட்டம்:
ஆய்வகத்துக்குப் போறதுக்கு முன்னாடி கண்ணாலேயே பாதி வேலையை முடிச்சிடலாம் அண்ணே. கோடை டமாஸ்க் குளிர் பட்டாத்தான் மொட்டு வைக்கும், அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, முந்தின வருஷக் குச்சியில. வடக்கே கன்னோஜ், பாலம்பூர் பக்கம் சரி. சித்திரை வெயில்ல கும்பகோணத்துல பூக்குற செடி அந்த ஜாதியா இருக்க முடியாது. உதிரிப்பூவுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே எட்வர்ட், ஆந்திரச் சிவப்பு ரெண்டையும்தான் சொல்லுது. கொல்லையில நிக்கிறது பெரும்பாலும் எட்வர்டாத்தான் இருக்கும்.

முக்கியமா ஒண்ணு. கண் ஒட்டுப் போட்ட (வேற ரோஜாவோட அடிக்குச்சியில மொட்டை வச்சு ஒட்டின) செடியில மேல்செடி செத்து, அடியில இருந்து வேர்ச்செடிக் குச்சி கிளம்பியிருக்கும். வீட்டுல இருக்கவங்களுக்கு அது தெரியாது. இலைக்காம்போட அடியில ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்குற இலையடிச் செதிலைப் பாருங்க. ஓரம் சீப்புப் பல்லு மாதிரி கிழிஞ்சு கிழிஞ்சு இருந்தா அது மல்டிஃப்ளோராங்கிற வேர்ச்செடி ரோஜா, இல்லாட்டி அதோட கலப்பு. பூ இல்லாத நேரத்துல இலை எடுக்கப் போறவங்க பல பேர் வேர்ச்செடி இலையைத்தான் கொண்டு வர்றாங்க. அதே மாதிரி நர்சரிக்காரங்க ஒரு தொட்டியில ரெண்டு மூணு போத்து நடுறது வழக்கம். ஒரே புதரா தெரிஞ்சாலும் எல்லா இலையையும் ஒரே குச்சியில இருந்து எடுங்க, அந்தக் குச்சியிலேயே பூவும் இருக்கணும்.

மூலக்கூறு_திருச்சி:
படுகை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. கூட இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: முள் ஒரே அளவா, கொக்கி முள்ளும் ஊசி முள்ளும் கலந்திருக்கிறதா, சிற்றிலையின் அடிப்பக்கம் வழவழப்பா, மென்மயிரா, புல்லிதழ் ஓரத்தில் சிறகு போன்ற பிளவு உண்டா, பூவுக்கு அடியில் இருக்கும் குடுவை நீளமா, உருண்டையா. கலப்பு முள், அடியில் மயிர், நீண்ட குடுவை என்றால் டமாஸ்க் சாயல். வழவழப்பான இலை, குறைந்த முள் என்றால் சைனா ரோஜா (சீனத்திலிருந்து வந்த, வருஷம் பூரா பூக்கும் ரோஜா) சாயல். எட்வர்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

ஒவ்வொரு செடிக்கும் பூவுடன் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வையுங்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் ரபினாட் உலர்தாவரகம் இருக்கிறது, எப்படி ஒட்டுவது, என்ன எழுதுவது என்று அங்கே பார்த்தால் புரியும். உலர்மாதிரி இல்லாத டி.என்.ஏ. முடிவைப் பத்து வருஷம் கழித்து யாராலும் சரிபார்க்க முடியாது.

பழஞ்சுவடி:
எட்வர்ட் என்றால் வரலாறும் பார்க்க வேண்டும். அது போர்பன் வகுப்பு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் பழைய பெயர் போர்பன். அங்கே சைனா ரோஜாவும் இலையுதிர்கால டமாஸ்க்கும் (இலையுதிர் காலத்திலும் மறுபடி பூக்கும் டமாஸ்க் வகை) வேலியாக அடுத்தடுத்து நின்று தானாகக் கலந்தது என்பது வழக்கமான கதை. தாவரவியலாளர் ப்ரியோன் 1817இல் தீவுக்கு வருகிறார், 1819இல் விதை பிரான்சுக்குப் போகிறது, அங்கே ஜாக் என்ற தோட்டக்காரர் வளர்க்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் ஐரோப்பாவின் போர்பன் கூட்டம் முழுதும்.

ஆனால் கல்கத்தா தாவரவியல் பூங்கா 1787லேயே வந்துவிட்டது. சீனத்துச் செடிகள் ஏறி வந்த கப்பல்கள் அந்தத் துறையைத் தொட்டுத்தான் போயின. எனவே கலப்பு இந்தியாவில் நடந்து இங்கிருந்து தீவுக்குப் போயிருக்கலாம் என்ற கட்சியும் உண்டு. நம் கரையிலும் தரங்கம்பாடிக்குத் தாவரவியலாளர் கோனிக் 1768இல் வந்ததிலிருந்து செடிகளை உலர்த்திச் சேகரிக்கும் வேலை தொடர்ந்து நடந்தது. டெல்டா செடியைச் சோதித்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாதா?

மூலக்கூறு_திருச்சி:
தீர்க்க முடியாது ஐயா. ரீயூனியன் எட்வர்டும் நம் எட்வர்டும் ஒரே குளோன் (ஒரே செடியின் போத்து வழி நகல்) என்று வந்தால், ஒரே குளோன் என்பது மட்டும்தான் அதன் பொருள். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்பது டி.என்.ஏ.வில் பதிவாகாது. அதற்குக் கப்பல் சரக்குப் பட்டியலும் தோட்டப் பதிவேடும்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் கதையில் சோதித்துப் பார்க்கக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது. பெற்றோர் சைனாவும் டமாஸ்க்கும் என்றால், எது தாய்? டமாஸ்க்கின் பசுங்கணிகம் மொஸ்காட்டா வகை. சைனாவுடையது வேறு வகை. எட்வர்டின் பசுங்கணிகத்தில் பி.எஸ்.பி.ஏ., டி.ஆர்.என்.எச். என்ற இரு மரபணுக்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிப் பகுதியை வரிசைப்படுத்தி, ஓல்டு பிளஷ் என்ற பழைய சைனா ரோஜாவோடும் டமாஸ்க்கோடும் பக்கத்தில் வைத்தால் காய் எந்தச் செடியில் பிடித்தது என்று தெரிந்துவிடும். செலவும் குறைவு. இரண்டோடும் பொருந்தாவிட்டால் வேலி கதையையே தள்ளி வைக்கலாம்.

வெண்ணாறு:
குரோமோசோம் எண்ணிக்கையால் என்ன பயன்? அது இனத்தின் பெயரைச் சொல்லாதே.

படுகைத்தோட்டம்:
வாழை போடுற ஊர்ல இதைக் கேக்கலாமா சார்? பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன் எல்லாமே மூணு தொகுதி, அதனாலதான் பழத்துல கொட்டை இல்ல. ரோஜாவிலும் அதே கணக்குதான்.

மூலக்கூறு_திருச்சி:
ஆமாம். ரோஜாவில் ஒரு தொகுதிக்கு 7. ஓல்டு பிளஷ் இரண்டு தொகுதி, 14. டமாஸ்க் நாலு தொகுதி, 28. இரண்டும் நேரடியாகக் கலந்தால் பாதிப் பாதியாக 7ம் 14ம் சேர்ந்து 21 வர வேண்டும். உங்கள் செடியில் 21 இருந்தால் முதல் தலைமுறைக் கலப்பு என்ற கதை நிற்கும். 28 என்றால் சைனா பக்கத்திலிருந்து தொகுதி பாதியாகக் குறையாத மகரந்தமோ சூல்முட்டையோ வந்திருக்க வேண்டும், அல்லது அது அடுத்த தலைமுறை. 14 என்றால் நேரடி டமாஸ்க் கலப்பு என்ற பேச்சையே விட்டுவிடலாம். பெயர் சொல்லாவிட்டாலும் பொய்க் கதைகளை வெட்டிவிடும்.

வேர்நுனி எண்ணும் முறை: போத்தை ஈர மணலில் வேர்விட வைத்து, புது வெள்ளை வேர்நுனியைக் காலையில் 1 செ.மீ. நறுக்குங்கள். 2 மில்லிமோலார் ஹைட்ராக்சிகுயினோலினில் 4 மணி நேரம். பிறகு எத்தனால் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலவையில் ஓர் இரவு. 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 10 நிமிடம், அசிட்டோகார்மின் சாயம், கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்ப்பது. ரோஜாக் குரோமோசோம் மிகச் சிறியது, 21க்கும் 20க்கும் தடுமாறும். நன்றாக விரிந்த செல் பத்தாவது எண்ணாமல் முடிவு எழுத வேண்டாம். ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்லில் உள்ள டி.என்.ஏ. அளவை அளக்கும் இயந்திரம்) கிடைத்தால் இந்தப் பாடே இல்லை, ஆனால் அதிலும் தொகுதி தெரிந்த ரோஜா ஒன்றைக் கூடவே ஓட்ட வேண்டும்.

அரசலாறு:
இலை எப்போது, எப்படி எடுப்பது? ஐப்பசி, கார்த்திகை மழையில் எல்லாம் நனைந்து கிடக்கும்.

ஆய்வுமேசை:
அடைமழையில் எடுக்காதீர்கள். கவாத்துக்குப் பிறகு வரும் புதுத் தளிர்தான் நல்லது. தை, மாசியில் காற்று உலர்ந்திருக்கும். பாதி விரிந்த, இன்னும் செம்மை மாறாத சிற்றிலைகள் ஐந்தாறு போதும். முற்றிய இலையில் பாலிஃபீனாலும் பிசினும் கூடும், அதுதான் ரோஜாவில் தலைவலி.

சாம்பல் நோய், கரும்புள்ளி நோய் பட்ட இலை வேண்டவே வேண்டாம். ஐ.டி.எஸ். பகுதிக்குப் பொதுவாகப் பயன்படும் பிரைமர்கள் (பி.சி.ஆர். என்னும் டி.என்.ஏ. பெருக்கும் முறையில் எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று காட்டும் குட்டித் துண்டுகள்) பூஞ்சையின் டி.என்.ஏ.வையும் பெருக்கும். ரோஜாவின் வரிசை என்று நினைத்துத் தரவுத்தளத்தில் தேடினால் பூஞ்சையின் பெயர் வந்து நிற்கும்.

இலையை 70% ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, மெல்லிய காகிதப் பையில் போட்டு, இலை எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஒரு நாளுக்குள் இலை ஒடிந்து பொடியாகும் அளவுக்குக் காய வேண்டும். வளைந்தால் காயவில்லை. நீலக் குறிமணி இளஞ்சிவப்பானால் உடனே ஜெல்லை மாற்றுங்கள். நனைந்த ஜெல்லை 110–120 டிகிரி சூடேற்றி இரண்டு மூன்று மணி நேரத்தில் மீட்டுக்கொள்ளலாம். வெயிலில் காயவைப்பது, பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பேருந்தில் கொடுத்து விடுவது, இரண்டும் வேண்டாம். உறைக்குள் வியர்த்து இலை கறுத்துவிடும், உள்ளே டி.என்.ஏ. துண்டு துண்டாகியிருக்கும்.

வெண்ணாறு:
பிரித்தெடுக்கும் முறையையும் சொல்லுங்கள். இங்கே கல்லூரி ஆய்வகத்திலேயே செய்ய முடியுமா?

ஆய்வுமேசை:
65 டிகிரி நீர்த்தொட்டியும் சுழற்சி இயந்திரமும் இருந்தால் போதும். உலர்ந்த இலை 20 மி.கி., பச்சை என்றால் 100 மி.கி. கரைசல்: சி.டி.ஏ.பி. (சவர்க்காரம் போன்ற பொருள்) 2%, உப்பு 1.4 மோலார், இ.டி.டி.ஏ. 20 மில்லிமோலார், டிரிஸ் 100 மில்லிமோலார், காரகாடி அளவு (pH) 8. இதில் பி.வி.பி. (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) 2% கட்டாயம். பீட்டா மெர்காப்டோஎத்தனால் 1% பயன்படுத்தும்போது மட்டும் சேர்க்க வேண்டும், புகை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து. இலையை நன்கு பொடித்து, முன்பே சூடாக்கிய கரைசல் 700 மைக்ரோலிட்டர் ஊற்றி 65 டிகிரியில் 45 நிமிடம், நடுவில் நாலைந்து முறை கவிழ்த்துக் கலக்குங்கள். குளோரோஃபார்ம் 24 பங்கு, ஐசோஅமைல் ஆல்கஹால் 1 பங்கு, சம அளவு சேர்த்துச் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். இதை இரண்டு தடவை. நடுவே மிதக்கும் வெள்ளைப் படலத்தைப் பிப்பெட் தொடக்கூடாது. குளிர்ந்த ஐசோபுரோப்பனால் மூன்றில் இரண்டு பங்கு, வண்டலை 70% எத்தனாலில் கழுவி, உலர்த்தி, 50 மைக்ரோலிட்டரில் கரைத்து, ஆர்.என்.ஏ.ஸ் (ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி) போட்டால் முடிந்தது.

வண்டல் பழுப்பாக இருந்தால் பாலிஃபீனால் ஏறியிருக்கிறது. பி.வி.பி. பழசாகியிருக்கும், அல்லது பொடித்த பிறகு கரைசல் ஊற்றத் தாமதமாகியிருக்கும். வழவழவென்று பிப்பெட்டில் இழுத்தால் பிசின், உப்பு அளவைக் கூட்டி மறுபடி வண்டலாக்க வேண்டும். 260/280 விகிதம் (ஒளி உறிஞ்சலை வைத்து டி.என்.ஏ.வின் தூய்மையை அளப்பது) 1.8 வந்துவிட்டதென்று சந்தோஷப்பட வேண்டாம். 260/230 ஒன்றுக்குக் கீழே இருந்தால் பி.சி.ஆர். படுத்துவிடும். அப்போது டி.என்.ஏ.வைக் கூட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது தலைகீழ் வைத்தியம், தடுக்கும் பொருளும் சேர்ந்து கூடும். பத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்து பி.எஸ்.ஏ. (மாட்டு அல்புமின் புரதம்) கொஞ்சம் சேர்த்தால் பெரும்பாலும் பட்டை (பெருகிய டி.என்.ஏ. கோடு) வந்துவிடும்.

மூலக்கூறு_திருச்சி:
இனி தட்டுக் கணக்கு. 96 குழித் தட்டில் 24 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 4 குழி. ஒரு குழியில் நீலம், பச்சை, மஞ்சள் சாயத்தில் மூன்று மார்க்கர், ஆரஞ்சு அளவுகோலுக்கு. ஆக ஒரே தட்டில் 12 மார்க்கர். 24ஐ இப்படிப் பிரியுங்கள்: கொல்லைச் செடிகள் 17, ஒப்பீட்டுச் செடிகள் 4, ஒரே செடியிலிருந்து தனியாக டி.என்.ஏ. எடுத்த இரட்டைகள் 2, வெற்று நீர் 1. இரட்டைகள் ஒத்துப்போகாவிட்டால் மற்ற எதையும் நம்பக்கூடாது.

ஒப்பீட்டுக்கு ஓல்டு பிளஷ், பெயர் உறுதியான எட்வர்ட், ஆந்திரச் சிவப்பு, ஒரு டமாஸ்க். டமாஸ்க்குக்கு லக்னோவில் உள்ள சிமாப் (மத்திய மூலிகை, நறுமணத் தாவர ஆய்வு) நிறுவனத்தின் நூர்ஜஹான், ராணிசாஹிபா, பாலம்பூர் நிறுவனத்தின் ஜ்வாலா, ஹிம்ரோஸ் போல ஆவணம் உள்ள வகையாகக் கேட்டு வாங்குங்கள். அத்தர் வியாபாரி கொடுத்த செடி ஒப்பீட்டுக்கு ஆகாது.

வெளிநாட்டுக் கட்டுரையில் அச்சான எஸ்.எஸ்.ஆர். அளவுகளை உங்கள் அளவுகளோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். இயந்திரம், சாயம் மாறினால் ஓரிரு எழுத்து நகரும். அந்த ஓரிரு எழுத்துதான் அங்கே ஓர் அலீலுக்கும் (ஒரே இடத்தின் மாற்று வடிவம்) அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம். பசுங்கணிகம், ஐ.டி.எஸ். போன்ற எழுத்து வரிசைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து ஒப்பிடலாம்.

வெண்ணாறு:
மனிதர்களுக்குப் போல 'இத்தனை சதவீதம் டமாஸ்க், இத்தனை சதவீதம் சைனா' என்று ஓர் அறிக்கை வாங்க முடியாதா? முழு மரபணுத்தொகுதியையே வரிசைப்படுத்தினால்?

மூலக்கூறு_திருச்சி:
ஓல்டு பிளஷின் முழுத்தொகுதி 2018இல் வெளியாகிவிட்டது, சுமார் 50 கோடி எழுத்து. உங்கள் செடியின் துண்டுகளை அதன் மேல் பொருத்தலாம். ஆனால் அடிப்படையே சைனா ரோஜாவாக இருப்பதால் சைனாத் துண்டுகள் எளிதாக ஒட்டும், டமாஸ்க் பக்கத் துண்டுகள் சில ஒட்டாமலே உதிரும். சதவீதம் சைனா பக்கம் சாயும். நாலு தொகுதிச் செடியில் ஓர் எழுத்து ஒரு தடவை இருக்கிறதா மூன்று தடவையா என்று பிரிக்க அந்த இடத்தை 60 முறையாவது படிக்க வேண்டும். இரண்டு தொகுதிச் செடிக்குப் போதுமான ஆழத்தை விற்றுவிட்டு அதிலேயே சதவீதம் எழுதிக் கொடுப்பவர்களிடம் எச்சரிக்கை.

சதவீதம் என்பது ஒப்பீட்டுக் குழுவைப் பொறுத்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 18, 19ஆம் நூற்றாண்டு ரோஜாக்கள் 1228ஐ 32 மார்க்கரில் பார்த்து 16 குழுவாகப் பிரித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு நகர நகர ஐரோப்பிய வகைகள் ஆசியப் பக்கம் சாய்ந்ததை அதில் தெளிவாகக் காட்டினார்கள். அத்தனை ஒப்பீடு இருந்ததால்தான் முடிந்தது. நாலு ஒப்பீட்டுச் செடியை வைத்துச் சதவீதம் எழுதினால் அது ஜோசியம்.

நீங்கள் செய்யக்கூடியது விலக்கு முறை. எடுத்துக்காட்டுக்கு, ஒரு மார்க்கரில் ஓல்டு பிளஷின் அலீல் நீளங்கள் 142, 150. டமாஸ்க் 130, 136, 144, 150. உங்கள் மூன்று தொகுதிச் செடி 130, 142, 144 என்றால் பொருந்துகிறது (ஒன்று ஓல்டு பிளஷிலிருந்து, இரண்டு டமாஸ்க்கிலிருந்து). அதில் 138 இருந்தால் இந்த ஜோடி அல்ல. 12 மார்க்கரில் ஒன்று தப்பினால் திடீர் மாற்றமாகவோ படிப்புப் பிழையாகவோ இருக்கலாம், திரும்ப ஓட்டுங்கள். மூன்று நாலு தப்பினால் அந்தப் பெற்றோரைக் கைவிடுங்கள். எல்லாம் பொருந்தினாலும் 'இவர்கள் பெற்றோராக இருக்கலாம்' என்றுதான் எழுத வேண்டும். ஓல்டு பிளஷின் நெருங்கிய உறவும் அதே போலப் பொருந்தும்.

பழஞ்சுவடி:
நிறம் வேறு, டி.என்.ஏ. ஒன்று என்று வந்தால்? வெள்ளைப் பன்னீர் ரோஜா என்று ஒன்றும் சில வீடுகளில் சொல்கிறார்களே.

ஆய்வுமேசை:
அப்படி வருவது சகஜம் ஐயா. ஒரு கிளையில் திடீர் மாற்றம் வந்து நிறம் மாறினால் எஸ்.எஸ்.ஆர். அதைக் காட்டாது. பல்கேரிய எண்ணெய் ரோஜாவும் வெள்ளையும் சிவப்பும் கலந்து பூக்கும் யார்க் அண்ட் லங்காஸ்டரும் மார்க்கரில் ஒன்றாகவே வந்தன. ஒரே குளோன் என்று முடிவு வந்தாலும் நிறம் வேறான செடியைத் தூக்கிப் போடாதீர்கள். மறுபக்கம், ஈரானில் 40 டமாஸ்க் மாதிரிகளில் 9 வேறு மரபுவகைகள் கிடைத்தன. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ஒரே செடி என்றும் எண்ண வேண்டாம்.

அரசலாறு:
வருஷம் பூரா பூப்பதற்குத் தனி மரபணு உண்டு என்று படித்தேன். அதைப் பார்க்கலாமா?

மூலக்கூறு_திருச்சி:
கட்டாயம் பார்க்கலாம், சைனா ரத்தத்துக்கு நல்ல சாட்சி. கே.எஸ்.என். என்ற மரபணு பூப்பதை அடக்கி வைக்கும். சைனா ரோஜாவில் அதற்குள் கோப்பியா என்ற தாவும் துண்டு ஒன்று நுழைந்து அதை முடக்கிவிட்டது, அதனால் ஓயாமல் பூக்கிறது. 2012இல் வெளியான கண்டுபிடிப்பு.

பொறி எங்கே என்றால், அந்தத் துண்டு சுமார் 9,000 எழுத்து நீளம். இரண்டு பக்கமும் பிரைமர் வைத்தால் சாதாரண பி.சி.ஆர். அதைத் தாண்டாது. எல்லாப் படியும் (அந்த மரபணுவின் எல்லா நகலும்) முடங்கிய செடியில் பட்டையே வராது, 'சோதனை தோற்றது' என்று எழுதிவிடுவார்கள். மூன்றாவதாக ஒரு பிரைமரைத் தாவும் துண்டுக்குள்ளேயே வையுங்கள். அப்போது முடங்கிய படிக்கு ஒரு பட்டை, முடங்காத படிக்கு வேறு நீளத்தில் ஒரு பட்டை. இரண்டும் வந்தால் கலப்பு. ஓல்டு பிளஷையும் கோடை டமாஸ்க்கையும் பக்கத்துக் குழிகளில் ஓட்டுங்கள்.

வெண்ணாறு:
ஒப்பீடு நிறைய உள்ள ஐரோப்பிய ஆய்வகத்துக்கு இலையைத் தபாலில் அனுப்பிவிட்டால் வேலை சுலபம் இல்லையா?

பழஞ்சுவடி:
அப்படி நேராக அனுப்பக்கூடாது சார். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இருக்கிறது. செடிப்பகுதி வெளிநாட்டு ஆய்வுக்குப் போவதென்றால் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதியை முதலில் பார்க்க வேண்டும். இங்கேயே வரிசைப்படுத்திவிட்டு அங்குள்ள தரவோடு ஒப்பிடுவதுதான் தொல்லையில்லாத வழி.

அரசலாறு:
அப்படியானால் முதலில் உலர்மாதிரி, வேர்நுனி எண்ணிக்கை. பிறகு பசுங்கணிகமும் கே.எஸ்.என்.னும். கடைசியாக ஒரு தட்டு எஸ்.எஸ்.ஆர். வெளி ஆய்வகத்தில் ஓட்டினால் அறிக்கை மட்டும் வாங்கினால் போதுமா?

ஆய்வுமேசை:
போதாது. அளவு அட்டவணையை மட்டும் கொடுப்பார்கள், அதில் நிழல் முகடுகளை (பி.சி.ஆர்.இல் உண்டாகும் போலிச் சிகரங்களை) அலீல் என்று எண்ணியிருக்கிறார்களா என்று தெரியாது. இயந்திரம் எழுதிய மூலக் கோப்புகளை ஒவ்வொரு குழிக்கும் கேட்டு வாங்குங்கள், விலை பேசும்போதே அதை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தொகுதிச் செடியில் ஒரு மார்க்கருக்கு நாலு அலீல் எழுதியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்: நிழல் முகடு, அல்லது இரண்டு செடி இலை கலந்தது. மிச்ச டி.என்.ஏ.வையும் திருப்பி வாங்கி மைனஸ் 20 டிகிரியில் வைக்கச் சொல்லுங்கள். குழாயில் மாதிரியின் எண்ணைப் பேனாவால் எழுத வேண்டாம், ஆல்கஹால் பட்டால் அழிந்துவிடும். காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதி இலைப் பையின் உள்ளேயே ஒன்று, வெளியே ஒன்று.